கடற்காற்றில் சலவைத்தூள்

அக்டோபர் 4

மறுபடியும் அதே கூத்து. கடற்கரை மாநகராட்சிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் என் பம்ப் காற்றை உறிஞ்சி, தூசியை வடிதாளில் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. கடல் பக்கமிருந்து காற்று வந்தால் உப்போடு கொஞ்சம் கொழுப்பு, சர்க்கரை வரவேண்டும் – செத்த பாசியின் மிச்சம். அலையில் குமிழி வெடிக்கும்போது காற்றில் ஏறுவது. அதெல்லாம் வந்தது. கூடவே சலவைத்தூள்! நுரைக்காக அதில் போடுகிற அதே பொருள்.

பேராசிரியர் நிமிரக்கூட இல்லை. "பாத்திரத்த ஒழுங்கா கழுவும்மா" என்றார்.

நான் ஆராய்ச்சி பண்ண வந்தேனா, பாத்திரம் தேய்க்க வந்தேனா?

அக்டோபர் 5

குடுவைகள், தாள்கள் எல்லாவற்றையும் உலையில் சுட்டெடுத்தாயிற்று. சோப்பு இருக்கும் திசைக்கே போகவில்லை. இன்னும் என்னையும் தூக்கி உலையில் போடவேண்டியதுதான் பாக்கி.

அக்டோபர் 9

வீட்டில் சாப்பிடும்போது வாய் தவறி இவரிடம் சொல்லித் தொலைத்தேன். என் வீட்டுக்காரர் கடலில் நீச்சல் கற்றுத்தருபவர். தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் பெண்கள்தான் வருவார்கள், மிதக்கப் பழக்கி அனுப்புவார். அந்தக் கடல்தான் அவர் பிழைப்பு.

"சோப்பு இருந்தா நல்லதுதானே. வீட்டுக்கு வந்து தனியா குளிக்க வேணாம்."

"சோப்பு தனியா வராதுங்க. எதோட சேர்ந்து வருதுன்னு யோசிங்க."

யோசித்தாரா? தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் போய்விட்டார்.

அக்டோபர் 13

வெற்றுத் தாள் ஒன்று வைத்தேன். அதே உலையில் சுட்டது. மாடிக்குக் கொண்டுபோய், பம்பை ஓட்டாமலே இறக்கினேன். என் கை அழுக்குதான் காரணம் என்றால் இதிலும் சோப்பு தெரியணும். இல்லை. பளிச்சென்று சுத்தம்.

"தற்செயலா இருக்கும்" என்கிறார் பேராசிரியர். எத்தனை தடவை வந்தா அது தற்செயல் இல்ல சார்? – மனசுக்குள்தான் கேட்டேன்.

அக்டோபர் 18

நல்ல மழை.

அக்டோபர் 20

மழைக்குப் பிந்தைய தாள். சோப்பு பல மடங்கு. இந்தத் தடவை காப்பியின் காஃபீனும் காய்ச்சல் மாத்திரையின் மிச்சமும்கூட. பாசி காப்பி குடிக்குமா? மாத்திரை போட்டுக்குமா?

சாக்கடைதான். மழை வந்தால் மாநகராட்சிக்காரர்கள் சுத்திகரிக்காமல் கடலில் திறந்துவிடுகிறார்கள். அலை அதை நுரையாக்கிக் கரைக்கே திருப்பி அனுப்புகிறது. அந்த நுரையில் நின்றுதான் இவருடைய மாணவிகள் ஆழமாக மூச்சை இழுத்துப் பழகுகிறார்கள்.

அக்டோபர் 21

வீடே ரெண்டுபட்டது.

"இத நீ வெளிய சொன்னா நாளைக்கு ஒருத்தி வருவாளா? யாருக்கு என்ன ஆச்சு இப்ப?"

"ரெண்டு வாரமா இருமுறீங்களே, அது என்ன சங்கீதமா?"

இவர் முகம் சுருங்கிவிட்டது. இருமல் இதனால்தானா? எனக்கும் தெரியாது. என் தாளுக்கு அதைச் சொல்லத் தெரியாது. கோபத்தில் கொட்டிவிட்டேன். ஆனால் தெரியாது என்பதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா?

அக்டோபர் 27

பேராசிரியர் ஒருவழியாக முடிவுகளைப் பார்த்தார்.

"மாநகராட்சி மாடியிலதாம்மா நம்ம பம்ப் நிக்குது. 'கரையோர மனித மூலங்கள்'னு அறிக்கையில போட்டுடு."

"சாக்கடைன்னு எழுதக்கூடாதா சார்?"

"அழகா இல்லையே."

அழகான சாக்கடைக்கு நான் எங்கே போவேன்?

நவம்பர் 2

சாக்கடை என்றே எழுதி, மாநகராட்சி சுகாதார அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். பேராசிரியர் பேசுவதில்லை. இவரும் பேசுவதில்லை. போகட்டும், காதுக்காவது ஓய்வு.

நவம்பர் 8

ராத்திரி மழை. காலையில் தெருவில் தையல்காரம்மா மறித்துக்கொண்டார். இவருடைய மாணவி, கடற்கரையிலேயே வீடு.

"உங்க வீட்டுக்காரர் எங்கள தண்ணியில இறங்கவே விடல! மழை பெஞ்சா வகுப்பு கிடையாதாம். சாக்கடைக் குழாய் பக்கம் அவரே போய்ப் பாத்தாராம். சந்தேகம் இருந்தா என் பொண்டாட்டிகிட்ட போய் சண்டை போடுங்கன்னுட்டார். இப்பதான் மிதக்கவே ஆரம்பிச்சேன், தெரியுமா?"

நடுத்தெருவில் நின்று திட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் ஏன் அழுதேன் என்று தெரியவில்லை. இந்த மனுஷன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நவம்பர் 15

மாநகராட்சியிடமிருந்து பதில் வந்துவிட்டது. சாக்கடையைப் பற்றி அல்ல. மொட்டை மாடியில் பராமரிப்பு வேலையாம், பம்பை உடனே எடுக்கணுமாம். ஆகா.

பேராசிரியர் கடிதத்தைப் படித்துவிட்டு முதல்முறையாக என்னைவிடக் கோபப்பட்டார். "சாக்கடைன்னே இருக்கட்டும்மா" என்றார்.

நவம்பர் 19

தையல்காரம்மாவின் மொட்டை மாடியில் பம்ப் ஏறிவிட்டது. "அது என்னதான் பிடிக்குதுன்னு நானும் பாக்கறேன்" என்று அவரே இடம் கொடுத்தார். இரும்பு ஏணியில் இவர்தான் சுமந்து ஏற்றினார், வழியெல்லாம் புலம்பிக்கொண்டே. நான் தாளைப் பொருத்தி முடிக்கும்வரை கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காத்து எந்தப் பக்கம்?"

"கடல் பக்கமிருந்து."

பம்ப் சுவிட்சை இவரே போட்டார்.