கொல்கத்தாவில் ஒரு பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு, கோமதி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

நிறைய இடங்களுக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதியதில், இங்கே டாலிகஞ்சில் வரைபடம் தயாரிக்கும் ஒரு ஆபீஸ் மட்டும் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. புவியியலில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் கேள்வி கேட்ட ஸ்மிதா மேடம், "சர்வேக்குப் போகும் இடத்தில் உனக்கு ஏதாவது ஆனால் இங்கே யாரிடம் சொல்வது?" என்றார். படிக்க வந்து இரண்டு வருடமாக இங்கே இருந்தும் சொல்ல ஒரு பெயர்கூட வரவில்லை. யாரும் இல்லை என்றேன்.

மேடம் பேனாவை எடுத்தார். "சரி, என் நம்பரையே போட்டுக்கொள்கிறேன். திங்கட்கிழமை வந்துவிடு."

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. சந்தோஷம்தான் இன்னும் வரவில்லை.

பருப்புப்பொடியும் வெயிலுக்கு ஒரு தொப்பியும் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை விஷயம் இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள். அம்மா டிவி பார்த்துக்கொண்டே பேசினாலும் பரவாயில்லை.

ஹாஸ்டல் மெஸ்ஸை மூடப் போகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
கோமதி