பாலத்துக்கு இந்தப் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்
என் புருஷன் லைலைக் காரில் உட்காரவைத்து, மாநில எல்லைப் பாலத்தைத் தாண்டினேன். புற்று இடுப்பெலும்புவரை வந்துவிட்டது. எந்த மாத்திரைக்கும் வலி அடங்கவில்லை. கஞ்சா விற்கச் சட்டம் அனுமதிக்கும் ஓரிகன் பக்கத்துக் கடையில் கஞ்சா மிட்டாய் வாங்கி, வாசலிலேயே தின்னக் கொடுத்தேன். மிச்சத்தைக் குப்பையில் போட்டோம். அதை வைத்துக்கொண்டு எங்கள் மாநிலமான ஐடஹோவுக்குள் நுழைந்தால் ஜெயில்தான்.

"ஒண்ணே ஒண்ணு பையில போட்டுக்கறேனே."

"வேணாம்டி. இந்த எழவ ஊருக்குள்ள விடக்கூடாதுன்னு ஊர்க் கூட்டத்துல கத்தினவன் நான்."

வீம்பு. இந்த வலியிலும் வீம்பு!

மார்ச் 11, செவ்வாய்
கடை வாசலில் பாதிக் கார்கள் எங்கள் ஊர்க் கார்கள். தேவாலயச் சபையில் கட்டிப்பிடித்து நலம் விசாரிப்பவர்கள் இங்கே தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நடக்கிறார்கள். இன்று ஆர்டித் — கஞ்சா எதிர்ப்புக் குழுவின் தலைவியேதான் — கையில் பொட்டலத்தோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மார்ச் 22, சனி
லைலால் எழவே முடியவில்லை. நாள் முழுக்க முனகல். நானே போய் வாங்கி வரலாம். பாலத்தருகே போலீஸ் மறித்தால்? நான் உள்ளே போய்விட்டால் இவரை யார் பார்ப்பது? கடவுளே, நான் என்னதான் பண்ணட்டும்!

மார்ச் 23, ஞாயிறு
நோயாளி வீட்டுக்கு உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சுட்டு அனுப்புவது சபைப் பெண்களின் வழக்கம். பாத்திரம் திரும்பி வர, அடியில் பெயர் ஒட்டியிருக்கும். இன்று ஆர்டித் கொண்டுவந்ததில் பெயரைக் கிழித்திருந்தாள். "யாரும் இல்லாதப்ப தொற" என்றாள், உட்காரக்கூட இல்லை. மூடிக்குக் கீழே அந்த மிட்டாய்ப் பொட்டலம்.

"யாருடி கொண்டாந்தது?"

"ஆர்டித்."

லைல் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று! பிறகு மிட்டாய்க்கு வாயைத் திறந்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு
லைல் போய்விட்டார். தூக்கத்தில், சொந்தக் கட்டிலில்.

மே 8, வியாழன்
ஊர்க் கூட்டம். மருந்தாகக்கூடக் கஞ்சா வேண்டாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். எனக்குப் பேச்சு வராது, ஆனாலும் எழுந்தேன்.

"என் புருஷன் எங்க வீட்லயே அதச் சாப்பிட்டாரு. வலி இல்லாம போய்ச் சேந்தாரு. என்னப் பிடிக்கணும்னா பிடிங்க."

"யாரு குடுத்தா?" என்றார் கூட்டத் தலைவர்.

"அத மட்டும் கேக்காதீங்க. சொல்லமாட்டேன்."

அடுத்துப் பேச ஆர்டித்தின் பெயரைக் கூப்பிட்டார். எழுந்தாள், கண்ணாடியை மாட்டினாள், கழற்றினாள். "எனக்குப் பேச ஒண்ணுமில்ல" என்று உட்கார்ந்துவிட்டாள்.

தீர்மானத்தை ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். கடை வாசலில் நான் பார்த்த கைகள் எல்லாம் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது. ஆர்டித்தின் கைகள் மட்டும் மடியிலேயே இருந்தன.