வேலிக்கு இந்தப்புறம் சொன்ன பதில்

அருமனை
1931 நவம்பர் 14

மகன் செல்வதாஸுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் சுகம். நீயும் சுகம் என்று உன் கடிதம் சொல்கிறது, கட்டுரைக்குப் பதக்கம் கிடைத்ததையும் சொல்கிறது. சந்தோஷம். அப்பாவின் முட்டுவலி குறைந்திருக்கிறது. மழை பிந்தி வந்தாலும் மரச்சீனி அழுகவில்லை. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். மீதியெல்லாம் உன் கட்டுரையைப் பற்றியது.

காலேஜ் பத்திரிகையின் தமிழ்ப் பகுதியில் வந்த கட்டுரையைப் பெருமையோடு அனுப்பியிருந்தாய். மனிதர் ஒருவரோடொருவர் மனம் திறந்து பேசினால், பிள்ளைகளுக்குக் கல்வி கிடைத்தால், உலகத்தில் சமாதானம் வரும் என்று முதல் பக்கம். அதற்கு அத்தாட்சியாக இரண்டாம் பக்கத்தில் நானும் பக்கத்துவிளை பகவதியும். வேலியின் இருபுறமும் உட்கார்ந்து ஓலை முடைந்துகொண்டு, ஒருத்தி வேதக்காரி, மற்றவள் அய்யாவழிக்காரி, சாமியைப் பற்றிச் சண்டையில்லாமல் பேசுகிறார்களாம். அழகாக எழுதியிருக்கிறாய். அப்பா அதை வாசித்து அழுதார். அழுத கையோடு உபதேசியார் ஏசுஅடிமையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். உபதேசியார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரசங்க பீடத்தில் வைத்து வாசித்தார்.

எதை வாசித்தார் தெரியுமா? பகவதியின் கடைசி மகன் காய்ச்சலில் போன பிறகு அவள் என்னிடம் சொன்னதை. அய்யாவழிக்காரர் கும்பிடுகிற தாங்கலில் சிலை கிடையாது, கண்ணாடிதான் வைத்திருப்பார்கள், நிற்பவர் தன் உருவத்தைப் பார்த்தே கும்பிட வேண்டும் என்று உன் வாசகர்களுக்கு விளக்கம் கொடுத்துவிட்டு, அவள் வார்த்தையைப் போட்டிருக்கிறாய். “ஏட்டி நேசம், கண்ணாடிக்க முன்னால போய் நிக்கேன், எனக்க மூஞ்சிதான் தெரியுது. அழுத மூஞ்சி. அய்யா அங்க இருக்காருன்னு நான் எப்படி நம்புவேன்?” இதை ஒரு தாய் இன்னொரு தாயிடம் சொன்னாள். உபதேசியார் அதைச் சபைக்கு முன்னால், இதோ அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள், ஒரு ஆத்துமா வாசலில் வந்து நிற்கிறது என்றார். ஜனங்கள் அல்லேலூயா என்றார்கள். அப்பாவும் சொன்னார். அன்று மத்தியானத்துக்குள் சந்தையெல்லாம் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் பகவதியின் புருஷன் வைகுண்டராஜன் வந்தார். வாசலில் ஏறவில்லை, முற்றத்தில் நின்றார். அவர் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் எதிர்த்து மகள் ஓமனாவை நம் பள்ளிக்கு அனுப்பினவர் அவர். பிள்ளையை மதம் மாற்ற மாட்டேன் என்று நான் கொடுத்த வாக்கை நம்பி அனுப்பினார். “டீச்சரே, பிள்ளைக்கு எழுத்து படிப்பிச்சுத் தாறேன்னு மட்டுந்தான பறஞ்சிய. அதுக்க அம்மைக்கு முழுக்கு குடுத்து வேதத்தில சேக்கப்போறியன்னு பறயலியே” என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மறுநாள் ஓமனா பள்ளிக்கு வரவில்லை. ஏழாம் வகுப்புப் பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது. வாத்தியாரம்மா ஆவேன் என்று மற்றப் பிள்ளைகளை மிரட்டிக்கொண்டு திரிந்தவள். இந்த மாதம் முதல் வாரத்தில் குலசேகரத்தில் ரப்பர் வியாபாரம் செய்கிற ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்கு முதல் மனைவி இறந்து இரண்டு வருஷம். வேறு மாப்பிள்ளை தேட நேரம் இல்லை, தாயைப் பற்றிப் பேச்சு கிளம்பிய வீட்டில் பெண் எடுக்க யாரும் முன்வரவில்லை. அவளுக்குப் பதினாலு வயது. வண்டியில் ஏற்றுகிறபோது நான் ரோட்டோரம் நின்றேன். என்னைப் பார்த்து, “டீச்சர், செல்வதாஸ் அண்ணன் எனக்கு ஒரு புத்தகம் அனுப்புதேன்னு சொன்னாவளே, அது உபதேசியார் வாசிச்சதுதானா?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான்தானே கேள்வி கேட்கப் பழக்கினேன்.

சண்டை என்று அப்பா எழுதியதைப் பார்த்து, கிறிஸ்மஸுக்கு வந்து வைகுண்டராஜன் மாமாவிடம் உட்கார்ந்து பேசுகிறேன், பேசினால் தீராத பகை இல்லை என்று எழுதியிருக்கிறாய். என்ன பேசுவாய்? ஓமனாவை வண்டியிலிருந்து இறக்குவாயா?

கல்யாணத்துக்கு மறுநாள் பகவதி வேலிக்கு வந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. “உனக்க மவன் எழுதினத எனக்கு முழுக்க வாசிச்சுக் காட்டு” என்றாள். ஒரு வரி விடாமல் வாசித்தேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், “நான் பறஞ்சது எல்லாம் இருக்கு. நீ பறஞ்சது எங்க?” என்றாள். “பையனுக்கு நல்ல காது. ஒத்தக் காது” என்று சொல்லிச் சிரித்தாள். மகன் செத்தபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு போய்விட்டாள். வேலியில் நாங்கள் போய்வரும் இடைவெளியை இப்போது முள் வைத்து அடைத்திருக்கிறார்கள்.

கண்ணாடியைப் பற்றி அவள் அன்று சொன்னபோது நான் என்ன பதில் சொன்னேன் என்பது உனக்குத் தெரியும். பத்தடி தள்ளி வராந்தாவில் புத்தகத்தோடு இருந்தாய். “உனக்காவது உன் முகம் தெரியுதே. தங்கபாய் செத்த நாள்முதல் நான் கோயில்ல கண்ணை மூடினா இருட்டு மட்டுந்தான் இருக்கு” என்றேன். உன் தங்கையைப் பற்றி நான் வாய்திறந்தது அந்த ஒரு முறை. நீ ஏறிட்டுப் பார்த்தாய், நானும் பார்த்தேன். கட்டுரையில் அந்த இடத்தில், “என் தாயார் அன்போடு மௌனமாயிருந்தார்கள்” என்று எழுதியிருக்கிறாய். மிஷன் பள்ளி வாத்தியாரம்மாவின் வேலைக்குக் கேடு வரக் கூடாது என்று செய்தாய். என்மேல் உள்ள பாசத்தினால் செய்தாய். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உன் அம்மாவை மூடி வைத்துவிட்டு அவளைத் திறந்து காட்டினாய். அதற்குச் சமாதானம் என்று பேர் வைத்தாய். பதக்கமும் வாங்கினாய்.

போன ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்கிற நேரத்தில் எழுந்து என் பதிலைச் சபையில் சொன்னேன். உபதேசியார், சகோதரி சுகமில்லாமல் இருக்கிறார்கள், ஜெபிப்போம் என்றார். எனக்காக ஜெபித்தார்கள். அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. திங்கட்கிழமை பள்ளியை நடத்துகிற மிசியம்மா ஆள் அனுப்பி, நான் நீண்ட நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்றார்கள். என் வகுப்பை வேறொருவர் எடுக்கிறார். பகவதி காதுக்கும் எல்லாம் போயிருக்கும். முள் அப்படியே இருக்கிறது. அவள் என்னிடம் பேச வருவாள் என்று எதிர்பார்த்து நான் சபையில் பேசவில்லை.

ஆகையால் இனி நீ காப்பாற்ற என் வேலை இல்லை. மிஷன் உன் படிப்புக்குக் கொடுக்கிற உபகாரச் சம்பளம் ஒன்றுதான் மிச்சம். சபையில் சொன்னதை நோய் என்று மூடிவிட்டார்கள், அச்சில் வந்ததை அப்படி மூட முடியாது. அதே பத்திரிகையில், அதே தமிழ்ப் பகுதியில், நான் சொன்ன பதிலை என் பெயர் போட்டு நீ அச்சிடு. அழகுபடுத்தாதே. அச்சிட்ட பிறகு வீட்டுக்கு வா. அதுவரை வராதே. கிறிஸ்மஸுக்கு உனக்குப் பாய் விரிக்க மாட்டேன். அப்பா வரச்சொல்லித் தனியாக எழுதுவார், அவருக்கு நல்லபடியாகப் பதில் எழுது, வராதே.

சென்னையில் பனி இறங்கும், காதை மூடிக்கொண்டு படு. எண்ணெய் தேய்க்காமல் குளிக்காதே. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காக்கும்படி இப்போதும் ராத்திரிதோறும் கண்ணை மூடி உன் பெயரைச் சொல்கிறேன். என்ன தெரிகிறது என்று உனக்குத் தெரியும்.

உன் அம்மா,
நேசபாய்

பி.கு.: ஓமனாவுக்குச் சொன்ன புத்தகத்தை அனுப்ப வேண்டாம். அந்த வீட்டில் அவளை வாசிக்க விடுவதில்லையாம்.