எல்லோரும் இரண்டாவதாக எழுதிய பெயர்

ஏழு கடல் தாண்டிப் போன பிறகு மாமனுக்கு ஒரு ஃபோன்கூடப் போடாத மகாராணியான என் மருமகளுக்கு,

ஈரேழு உலகத்திலும் ஈடில்லாத உன் தாய்மாமன் எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் தனிநாடு கேட்கிறது.

உன் அம்மா வார்டு தேர்தலில் தோற்ற செய்தியை உன் அப்பா இரண்டே சொல்லில் அனுப்பியிருப்பார். எப்படித் தோற்றாள் என்று எழுத என்னைப் போன்ற மகாகவி வேண்டும்.

நம் தெருவை அகலப்படுத்தி, அம்மாவின் தையல் அறையோடு ஒரு வரிசை வீடுகளையே இடிக்கத் துடிப்பவர் காண்ட்ராக்டர். அவர் கவுன்சிலர் பதவிக்கு நின்றதால்தான் அம்மாவும் நின்றாள். மூன்றாவது ஆள், ஓய்வுபெற்ற கம்பவுண்டர். நான் மைக் பிடித்துப் பேசிய பேச்சில் காக்கைகள் ஊரையே காலி செய்தன. வெற்றி உறுதி என்று மாலைக்குக்கூடச் சொல்லிவைத்தேன்.

இந்தத் தடவை புது முறை. ஒருவருக்கு மட்டும் முத்திரை குத்திவிட்டு வர முடியாது. பிடித்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுத வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் ‘ஒன்று’ விழாவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவருடைய சீட்டுகளை அவற்றில் ‘இரண்டு’ வாங்கியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். நம் தெருக்காரர்களுக்கோ உலகத்துக்கே உள்ள தாட்சண்யத்தில் முக்கால் பங்கு. “கம்பவுண்டர் வயசானவரு, மனசு நோகும். அவருக்கு ஒண்ணு போட்டுட்டு உங்களுக்கு ரெண்டு போடறோம். கடைசியில உங்ககிட்டதானேக்கா வந்து சேரும்?” என்றார்கள். அம்மாவும் தலையாட்டினாள்.

வந்து சேர, கம்பவுண்டர் முதலில் வெளியேற வேண்டுமே! அவரைவிட ஒரே ஒரு ஓட்டுக் குறைந்து, முதலில் வெளியேறியது அம்மா. அவளுக்காக மலைபோல் குவிந்திருந்த ‘இரண்டு’களை யாரும் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. அவளுடைய சீட்டுகள் இருபக்கமும் சிதற, காண்ட்ராக்டர் பாதியைத் தாண்டிவிட்டார். மறுபடி எண்ணச் சொன்னோம். அதே கதைதான்.

இப்போது தெருவே அந்த ஒற்றை ஓட்டைத் தேடுகிறது. பழி உன் அப்பா மேல் விழுந்துவிட்டது. அம்மா நிற்பதில் ஆரம்பத்திலிருந்தே அவருக்கு இஷ்டமில்லை அல்லவா? சலூனில் மூஞ்சிக்கு நேராகவே கேட்டார்களாம். “நான்தான்னு வெச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு, பாதி ஷேவிங்கோடு எழுந்து வந்துவிட்டார்.

அன்று தையல் அறைக்குப் போனேன். மிஷின் உறை போட்டுக் கிடந்தது. நான் ஏதோ ஜோக் அடித்தேன். சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். “அது நான்தான்டா. எனக்கு நானே ஒண்ணு போட்டுக்கறது, விருந்துக்குக் கூப்பிட்டவளே முதல் ஆளா சாப்பிட உக்கார்ற மாதிரி இருந்துச்சு. கம்பவுண்டருக்குப் போட்டுட்டு வந்துட்டேன்” என்றாள்.

உன் அப்பாவிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அடுத்த மாதம் நகராட்சிக் கூட்டத்தில், இடிப்பதற்கு முன் பொதுமக்கள் ஆட்சேபம் சொல்லலாம். தெருவில் எல்லோரும் அம்மாவைத்தான் பேசச் சொல்கிறார்கள். “எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? வேற யாராவது முதல்ல பேசட்டும்” என்கிறாள். அவளுக்கு இன்னும் புத்தி வரவில்லை பார்! நான் பேசினால் கூட்டம் சிரிக்கும், வீடு போய்விடும். நீ கூப்பிட்டுச் சொன்னால் கேட்பாள். முடிந்தால் நேரில் வா. ஓட்டு விஷயம் உனக்குத் தெரியும் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே.

நீ எந்த ஊரில், எந்த வரிசையில் நின்றாலும், உன் முறை வரும்போது பக்கத்தில் இருப்பவருக்கு இடம் விட்டு ஒதுங்கிவிடாமல் நன்றாக இரு, தாயே.

உன் மாமா