பலகைக்கு வைத்த பொட்டு

செப்டம்பர் 15, 2003. திங்கள்

இன்றைக்கும் தூசிதான். கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு, பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவுக்குள் உட்கார்ந்து, செத்துப்போன ஒருவரின் படங்களுக்குத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறேன். பதவியின் பெயர் மட்டும் நீளம்: ஜூனியர் டெக்னீஷியன், பாதுகாப்புப் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருத்திதான். ஒரு மென்தூரிகை, வெள்ளைக் கையுறை, ஒரு ஸ்கேனர். இதற்குப் பெயர் கலை ஆவணக்காப்பகம்.

படங்கள் ராஜேந்திரனுடையவை. பெரிய ஓவியராம். கடைசிக் காலத்தில் சாம்பல் நிறத்தைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. பிளைவுட்டில் சாம்பல், அதன் மேல் இன்னும் கொஞ்சம் சாம்பல். சட்டம் கிடையாது, வார்னிஷ் கிடையாது. வாணியம்பாடியில் எங்கள் வீட்டுக்கு டிஸ்டெம்பர் அடித்த ஆள் இதைவிடச் சீராக அடித்தார். மேடம் காதில் விழுகிற மாதிரி இதைச் சொன்னால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சொல்ல மாட்டேன். டிசம்பரில் வேலையை நிரந்தரமாக்கி, லக்னோவுக்குப் பயிற்சிக்கு அனுப்புவதாக மேடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். பழைய படங்களைப் பழுதுபார்க்கும் படிப்பு. கிழிந்ததை ஒட்டலாம், உதிர்வதைப் பிடித்து நிறுத்தலாம். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்காக எவ்வளவு சாம்பலை வேண்டுமானாலும் துடைப்பேன்.

செப்டம்பர் 22

மேடம் என்றால் அனந்தலக்ஷ்மி மேடம், எங்கள் டைரக்டர். கைத்தறிப் புடவை, வெள்ளி வளையல், கழுத்தில் ஏதோ ஒரு காட்டு விதை மாலை. உள்ளே வரும்போதே "ஈரப்பதம் எவ்வளவு?" என்று கேட்பார். மீட்டர் அவர் மூக்குக்கு நேரே தொங்குகிறது. நான் பதில் சொல்வதற்குள் போனில் பேச ஆரம்பித்திருப்பார்.

இன்று அர்ச்சனை பெருமாள்சாமிக்கு. அவர் இங்கே அட்டெண்டர், ஜீவனஹள்ளிக்காரர். தோட்டம், வராந்தா, டீ, இவ்வளவுதான் அவர் எல்லை. படங்கள் இருக்கும் அறைக்குள் வரக்கூடாது. வருகையாளர் புத்தகத்தில் டீயைக் கொட்டிவிட்டார். இன்னொரு தப்பு நடந்தால் ஹவுஸ்கீப்பிங் கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் விட்டுவிடுவேன் என்று மேடம் அவர் முகத்துக்கு நேரேயே சொன்னார். விடத்தான் போகிறார், சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறார். ஐ.டி. கம்பெனிகளில் நீலச் சட்டை போட்டுத் துடைக்கிற பையன்களைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு அதே ஆசை. அறுபதை நெருங்குகிற ஆளுக்கு எவன் நீலச் சட்டை கொடுப்பான்?

பெருமாள்சாமி ஒன்றும் சாதுவல்ல. என்னைப் பாப்பா என்கிறார். வாசலில் நின்று கை நீட்டி டீ கிளாஸை என் ஸ்கேனர் மேல் வைக்கிறார். எனக்கு எப்போது கல்யாணம் என்று வாரம் தவறாமல் விசாரிக்கிறார். இருந்தாலும், இத்தனை வருஷம் வேலை பார்த்த மனிதரை ஒரு டீக்காக அப்படி நிற்கவைத்துப் பேசலாமா?

செப்டம்பர் 23

ஈரப்பதம் ஐம்பத்தெட்டு. யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 3. வெள்ளி

நாளைதான் ஆயுத பூஜை. லீவு என்பதால் இன்றே கொண்டாடியாகிவிட்டது.

படங்கள் இருக்கும் இடத்தில் பூஜை கூடாது, எண்ணெய் ஆகாது, புகை ஆகாது என்று போன வாரம் மேடம் பெரிய பிரசங்கம் செய்தார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நேற்று ஒரு பத்திரிகைக்காரர் போன் செய்து, நவீனக் கலைக்கூடத்தில் பாரம்பரிய பூஜை என்று படம் போடலாமா என்று கேட்டார். அவ்வளவுதான், மேடத்துக்குப் பக்தி பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பின்னணியில் இருக்கட்டும் என்று பதினான்காம் எண் படத்தை என்னை விட்டே மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார். போட்டோ முடிந்ததும் தாள் போட்டு மூடட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும், திங்கட்கிழமை இன்னொருவர் வருகிறார் என்றார்.

பூசணிக்காய் பக்கத்தில் நின்று மேடம் சிரித்தார். போட்டோகிராபர் பொரிகடலையை ஜேபியில் போட்டுக்கொண்டு போனார். நான் வாணியம்பாடி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பும்போது, பெருமாள்சாமி தட்டும் கையுமாக ஒவ்வொரு சாமானாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஒருநாள் அவருக்கு எல்லா அறையும் திறந்துவிட்டிருந்தது. தோரணையைப் பார்க்க வேண்டுமே, ஏதோ கல்யாண வீட்டுப் பெரியவர் மாதிரி.

அக்டோபர் 6. திங்கள்

ஐயோ.

ஸ்கேனருக்குப் பொட்டு. ஏணிக்குப் பொட்டு. ஈரம் உறிஞ்சும் மெஷினுக்குப் பொட்டு. பதினான்காம் எண் படத்துக்கும் பொட்டு. நட்டநடுவில். சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன் மேல் ஈரக் குங்குமம்.

பெருமாள்சாமியை இழுத்துவந்து காட்டினேன். கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை.

"பலகையும் வேல செய்யுற சாமான்தானே பாப்பா. அதான் அதுக்கும் வெச்சேன்."

"அது பலகை இல்ல. படம்."

குனிந்து பார்த்தார். பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். "படம்னா உள்ள எதுனா இருக்கணும்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் மாதக்கணக்கில் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பதைத்தானே இவர் வாய்விட்டுக் கேட்கிறார்? அப்புறம்தான் மேடம் ஞாபகம் வந்தது. அவருக்கும் விஷயம் உறைத்துவிட்டது. மேடத்துக்குத் தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்றார்.

சந்தனம் காய்ந்திருந்ததால் தூரிகையால் தட்டியதும் உதிர்ந்தது. சிவப்பு உள்ளே இறங்கிவிட்டது, காலணா அளவுக்கு. ஈரப் பஞ்சு வைத்தால் பரவும். இதை எப்படி எடுப்பது என்று சொல்லித்தரத்தான் லக்னோவில் ஆள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. நல்லவேளை, இன்று வருவதாக இருந்த போட்டோக்காரர் வரவில்லை. தாள் போட்டு மூடினேன். அவரை வாயைத் திறக்காமல் இருக்கச் சொன்னேன். நாளை நானே பக்குவமாக மேடத்திடம் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 8

இரண்டு நாளாக மேடத்திடம் சொல்ல முயற்சி. டெல்லியிலிருந்து நிபுணர் வருகிறாராம், கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்க. அதுவரை எதையும் தன்னிடம் கொண்டுவராதே என்கிறார் மேடம். சரி, கொண்டுவரவில்லை.

அக்டோபர் 10

நிபுணர் வந்தார். காதில் ஒரு கடுக்கன், தோளில் சால்வை, பெங்களூர் வெயிலில். நான் ஒவ்வொரு படமாகத் தாளை விலக்கிக் காட்டினேன். மனிதர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கை மறைத்துவிடலாம் என்று பார்த்தேன். எண் வரிசை தப்புகிறது என்று மேடமே கேட்டு வாங்கினார்.

தாளை விலக்கினேன். நிபுணர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். பின்னால் போனார், முன்னால் வந்தார். ஒரு வாழ்நாள் மௌனம் இந்த இடத்தில் கண் திறந்திருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னார். மேடமும் தலையை ஆட்டி, எனக்கும் எப்போதுமே அப்படித்தான் தோன்றும் என்றார்.

எப்போதுமேவாம்! போன வெள்ளிக்கிழமை வரைக்கும் அங்கே ஈகூட உட்காரவில்லை.

"சார், அந்தப் புள்ளி வந்து..." என்று ஆரம்பித்தேன். கையுறை போடாமல் ஏன் நிற்கிறாய் என்று மேடம் என்னை வெளியே அனுப்பினார். அழைப்பிதழ் அட்டைக்கும் அந்தப் படமேதானாம்.

அக்டோபர் 11

ஏன் கத்திச் சொல்லவில்லை நான்? சொன்னால் பெருமாள்சாமிக்கு வேலை போகும். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு எனக்கு லக்னோ போகும். சொல்லாவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். அறைத்தோழி சௌம்யாவிடம் சொன்னேன். அவள் கால் சென்டர்க்காரி, தினமும் பொய்ப் பெயரில் அமெரிக்கர்களோடு பேசுகிறவள். இதுக்கெல்லாமா தூங்காம இருப்பே என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நவம்பர் 12

அட்டை அச்சாகி வந்தது. சாம்பலுக்கு நடுவே சிவப்பு. பெருமாள்சாமி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நல்லா வந்திருக்குல்ல?"

அறையலாம் போல இருந்தது. பயமெல்லாம் போய்விட்டது ஆளுக்கு. தோட்டத்தில் தண்ணீர் ஊற்றும்போதுகூட ஒரு மிடுக்கு. மேடம் வேறு, லக்னோவுக்குக் கடிதம் போட்டுவிட்டதாகச் சொன்னார். சந்தோஷமாக இருந்தது. அதை நினைக்க எரிச்சலாகவும் இருந்தது.

நவம்பர் 29. சனி

கண்காட்சித் திறப்பு. இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

கூட்டம், ஜூஸ், சால்வைகள். நிபுணர் பதினான்காம் படத்தின் முன்னால் நின்று, சிவப்பைப் பற்றி ஒரு பாட்டம் பேசி முடித்தார். அப்போது நோரா அம்மா வந்தார். ராஜேந்திரனின் மனைவி. காக்ஸ் டவுனில் தங்கையோடு இருக்கிறார், இந்தப் பக்கம் வருவதே இல்லை. மேடம் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். அவர் கையை உதறிவிட்டு நேரே படத்திடம் போனார்.

"இந்தச் செவப்பு யாரு வெச்சது?"

நிபுணர் புன்னகையோடு விளக்க ஆரம்பித்தார். அந்த அம்மா அவரைப் பார்க்கவே இல்லை.

"அவருக்குக் கடையில பெயிண்ட் வாங்கினவ நான். கடைசி வரைக்கும் செவப்பு வாங்கல. இது குங்குமம்."

மேடம் என்னைப் பார்க்கவில்லை, நிபுணரைப் பார்க்கவில்லை. ஜூஸ் தட்டோடு மூலையில் நின்ற பெருமாள்சாமியைத் திரும்பிப் பார்த்தார். நெற்றி நிறையக் குங்குமத்தோடு நின்றார் அவர். விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. தட்டில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன.

"நான்தான் வெச்சேன்."

என் குரல்தான். யாரோ சொல்வதைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"ஆயுத பூஜைக்கு வெச்சேன். பலகைன்னு நெனச்சிட்டேன்."

ஓவியம் படித்தவள், பாதுகாப்புப் பிரிவு, அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் ராஜேந்திரனைப் பலகை என்றேன். நோரா அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இத்தன வருஷமா நான் சொல்ல முடியாதத நீ சொல்லிட்ட."

அப்படியே போய்விட்டார். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று மேடம் வராந்தாவில் வைத்துச் சொன்னார். லக்னோவைப் பற்றி நான் கேட்கவில்லை.

நவம்பர் 30

அழுது தீர்த்தாயிற்று.

ஏன்டி சொன்னே? பெரிய தியாகின்னு நெனப்பா? கிடையாது. அந்த ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்றுகூட அந்த நொடியில் தோன்றவில்லை. மேடம் திரும்பிப் பார்த்தாரே ஒரு பார்வை, குப்பை எங்கே இருக்கும் என்று தெரிந்த மாதிரி. அந்தப் பார்வை ஜெயித்துவிடக் கூடாது என்றுதான் வாய் திறந்துவிட்டது. அதற்கு என் லக்னோவைக் கொடுத்தேன். முட்டாள்.

நேற்று பெருமாள்சாமி கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் செருப்பு மாட்டும்போதுகூட நிமிரவில்லை.

ஜனவரி 19, 2004

தொம்மலூரில் புது வேலை. ரூமிலிருந்து நடந்தே போகலாம். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களை ஸ்கேன் செய்ய வேண்டும். கையுறை வேண்டாம், ஈரப்பதமும் கேட்க வேண்டாம். யார் யாருக்கோ மூலம், யார் யாருக்கோ பிரசவம். ராஜேந்திரனைவிட எவ்வளவோ தேவலை என்று சொல்லிக்கொள்கிறேன்.

அக்டோபர் 21, 2004

ஆபீசில் ஆயுத பூஜை. கதவெல்லாம் திறந்து கிடந்தது. பார்த்தால் வாசலில் பெருமாள்சாமி, கையில் பொரிகடலைப் பொட்டலம். பழைய ஆபீஸ் ரிஜிஸ்டரில் என் ரூம் விலாசம் பார்த்து, சௌம்யாவிடம் விசாரித்து வந்தாராம்.

என் மேசை வரைக்கும் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் சொன்னார். வேலை அப்படியே இருக்கிறது, காண்ட்ராக்ட் பேச்சே அப்புறம் எழவில்லை. நடந்த கூத்து பத்திரிகையில் வந்ததிலிருந்து கூட்டம் வருகிறதாம். பதினான்காம் படத்துக்குக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்கிறார்களாம். பொட்டை எடுக்க வேண்டாம், அதுவும் அந்தப் படத்தின் வரலாறுதான் என்று மேடம் இப்போது எல்லோருக்கும் விளக்குகிறாராம். சொல்வார், சொல்வார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் சரி பாப்பா. நீ அந்தப் படத்துல பொட்டு வெச்சிருக்கக் கூடாது."

கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமான வருத்தம்.

"தட்டு உங்க கையிலதானே இருந்துச்சு?" என்றேன்.

"தட்டு என் கையிலதான். அந்த ரூமுக்குள்ள நான் போகவே இல்லியே. நீதானே அத்தன பேரு முன்னாடி சொன்ன?" தலையை ஆட்டிக்கொண்டார். "போவட்டும், உடு. இங்கயாச்சும் பாத்து வேல செய்."

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டுப் பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். நமுத்துப் போயிருந்தது.

கிளம்பும்போது மடியிலிருந்து குங்குமத்தை எடுத்து, என்னைக் கேட்காமலே என் ஸ்கேனருக்குப் பொட்டு வைத்தார். மூடியைத் தூக்கி, காகிதம் வைக்கிற கண்ணாடி மேலேயே. துணியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் கேட்டைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, பஸ் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் துடைத்தேன்.