நீலக் குளத்தின் அடித்தளம்

மேஸ்திரி,

இந்தத் தாள் பறக்காமலிருக்க மேலே ஒரு நீல டைல் துண்டை வைத்திருக்கிறேன். நேற்று ராஜபாளையத்தில், மில் முதலாளி பங்களாவின் பின்கட்டு நீச்சல் குளத்தின் ஓரத்தில் உதிர்ந்து கிடந்தது. பின்புறத்தில் நீங்கள் பூசிய சிமெண்ட் இன்னும் ஒட்டியிருக்கிறது. குளத்துக்கு மறுபடியும் வயதாகிவிட்டது. முதலாளியின் மகன் அதைத் திருத்திக் கட்ட நினைத்து, யோசனை கேட்க என்னைக் கூப்பிட்டிருந்தார். ரிடையராகி வீட்டிலிருக்கும் ஓவர்சியரிடம் என்ன யோசனை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. ஜன்னலோரம் எப்போதும் உங்களுக்கு.

எண்பதுகளின் நடுவில் முதல் தடவை அந்தக் குளத்தைத் திருத்தியது நினைவிருக்கிறதா? பழைய பூச்சு உதிர்ந்து, எங்கோ கசிந்து, இரண்டு நாளில் ஒரு சாண் தண்ணீர் குறைந்துவிடும். தை மாதம் முதலாளி மகளுக்குக் கல்யாணம். மெட்ராஸிலிருந்து வரும் பிள்ளைகள் குளிக்க வேண்டும். ஆழத்தைக் குறைத்து, படி வைத்து, நீல டைல் பதிக்க வேண்டும் என்றார் முதலாளி. நான் வரைபடம் போட்டேன். வேலைகளை நாள்வாரியாக நோட்டில் எழுதினேன். முதல் வரி, தண்ணீரை இறைப்பது.

அப்போது ஐப்பசி. ஒரு வாரமாக மழை. மோட்டாரை இறக்கப் போகும்போது நீங்கள் தடுத்தீர்கள்.

"செத்த பொறுங்க சார். பக்கத்துத் தோட்டத்துக் கிணத்த எட்டிப் பாத்துட்டு வாரேன்."

போன வேகத்தில் திரும்பி வந்தீர்கள். "கிணத்துத் தண்ணி மேல கெடக்கு சார், நாலடிதான் எறக்கம். இப்ப குளத்த வெறுமையாக்குனா, மண்ணுக்குள்ள இருக்க தண்ணி அடியில இருந்து தூக்கிரும். காலி அண்டா தண்ணில மெதக்காதா, அந்தக் கததான். தை கழியட்டும்."

நீங்கள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். முதலாளியிடம் சொல்வதற்கு இரண்டு வாக்கியங்களை மனசுக்குள் தயார் செய்துகொண்டுதான் போனேன். அவர் கணக்குப்பிள்ளையிடம் பேசியபடியே, "என்ன, ஆரம்பிச்சாச்சா?" என்றார். "ஆரம்பிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு வந்து மோட்டாரை இறக்கச் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில் குளத்தின் தரை நடுவில் உப்பி, குறுக்கே பிளந்து, பிளவில் சேற்றுத்தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. முதலாளி உங்களைத்தான் பார்த்தார்.

"எத்தன வருசமா கொத்து வேல பாக்கே? இது தெரியாதாய்யா ஒனக்கு?"

நீங்கள் ஒரு தடவை என் பக்கம் திரும்பினீர்கள். நான் என் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மட்ட நூலைச் சுற்றி, கொத்துக்கரண்டியைத் துடைத்துச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு நடந்தீர்கள். மில் ஆட்களுக்குக் கட்டவிருந்த குடியிருப்பு வேலையை உங்களுக்குத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதுவும் உங்களோடு போயிற்று. அன்று பஸ்ஸில் நீங்கள் பின்னால் போய் உட்கார்ந்தீர்கள்.

நான்கு நாள் கழித்து நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடும் பழக்கம் எனக்கு. வாய்க்கு இல்லாத தைரியம் பேனாவுக்கு உண்டு. அந்தத் தேதியில் இப்படி இருந்தது: "கிணற்று நீர் தரைக்கு நாலடி கீழே. தை கழிந்து இறைக்கலாம் என்று மேஸ்திரி தடுத்தார். நான் கேட்கவில்லை."

வரிக்கு அடியில் விரலை வைத்து வாசித்தீர்கள். "நல்லாத்தான் எழுதியிருக்கிய. இத எனக்கு எதுக்குக் காட்டுதிய? எனக்குத்தான் தெரியுமே. தெரியாத ஆளு அங்கல்லா இருக்காரு."

உள்ளேயிருந்து உங்கள் வீட்டம்மா, "காப்பியக் குடிச்சிட்டு சண்டய வச்சிக்கிடுங்க" என்றார்கள்.

மறுநாள் மில்லுக்குப் போனேன். முதலாளி பஞ்சு குடோனுக்குப் போயிருந்தார். காத்திருந்தால் பத்து நிமிஷத்தில் வந்திருப்பார். நான் நோட்டை அந்தப் பக்கத்தில் திறந்து அவர் மேஜையில் வைத்தேன். காற்றாடியில் தாள் புரளாமலிருக்க, மாதிரிக்கு வாங்கி வைத்திருந்த நீல டைல் ஒன்றை மேலே வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன். இரண்டு நாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன்.

முதலாளி உங்களுக்குக் கார் அனுப்பினார். அவரைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தீர்கள்.

"என்ன சார் சொன்னிய அவியகிட்ட?"

"உள்ளதச் சொன்னேன்."

"நேர்லயா?"

"நேர்லதான்."

என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். அந்தப் பொய்யோடுதான் பிறகு இத்தனை வருஷம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் குளத்தைப் பார்க்காதபடி தென்னந்தட்டி வைத்து மறைத்தார்கள். பங்குனியில் கிணறு இறங்கிய பிறகு நாம் மறுபடி ஆரம்பித்தோம். காலையில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு நீங்கள் தலையாட்டினால்தான் அன்றைக்கு வேலை. குடியிருப்பையும் நீங்களே கட்டினீர்கள். டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், எங்கே போனாலும் என்னைக் காட்டிச் சொல்வீர்கள்: "மொதலாளி மொகத்தப் பாத்து, தப்பு என்னுதுன்னு சொன்ன மனுசன்யா இவுக." நான் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன்.

நான் சொல்வதற்குள் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். போன வருஷம் துஷ்டி கேட்க வந்தபோது, உங்களிடம் சொல்லாததை உங்கள் வீட்டம்மாவிடம் ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர்கள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார்கள்.

"நோட்டு மேல டைல்ஸத் தூக்கி வச்சிட்டு நீங்க ஓடியாந்தத, கார் அனுப்புன அன்னைக்கே மொதலாளி சொல்லிட்டாகளாம். வீட்டுல வந்து அம்புட்டுச் சிரிப்பு."

"பொறவு ஏன் ஊரெல்லாம் அப்படிச் சொன்னாரு?"

"நானும் கேட்டேன். 'சொல்லிக்கிட்டே இருந்தா ஒரு நாளைக்குச் செஞ்சிருவாரு'ன்னாக."

நேற்றும் ஐப்பசிதான், மேஸ்திரி. மோட்டார் ஹோஸ் குளத்துக்குள் கிடந்தது. "நாளைக்கு எறைச்சிரலாம்ல சார்?" என்றார் முதலாளி மகன். நான் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனேன். கிணற்றுக்கு இப்போது இரும்புக் கம்பி மூடி போட்டிருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன். என் முகம் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் பக்கத்தில் இருந்தது.

திரும்பி வந்து, "வேண்டாம் தம்பி. தை கழியட்டும்" என்றேன்.

"ஆளெல்லாம் வரச் சொல்லியாச்சே சார்."

"ஒங்க அப்பா காலத்துல இந்தத் தரை வெடிச்சுது. மேஸ்திரி வேண்டாம்னுதான் சொன்னாரு. அத அப்பாகிட்ட சொல்லாம விட்டது நான். இன்னைக்கு ஒங்ககிட்ட சொல்லிட்டேன்."

அவர் ஆளைக் கூப்பிட்டு ஹோஸைச் சுருட்டச் சொன்னார்.

நேற்று நான் நோட்டு எடுத்துக்கொண்டு போகவில்லை.