புகைக்குள் இருந்த ஊர்வலம்

மாமு,

இன்று ராயபுரத்தில் ரொட்டிக் கடையைத் தாண்டும்போது, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியின் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்குப் பசி எடுத்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. நடுத்தெருவில் நின்று சிரித்தவனை ஜட்காக்காரன் ஒருவன் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனான். எல்லாம் உன்னால் வாங்கிய திட்டு.

திருவொற்றியூரில் அந்தப் பழைய வீட்டுக் கூடத்துக்கு நாம் இருவரும் வெள்ளையடிக்கப் போனோமே. வீட்டுக்காரம்மாவின் மகளுக்குக் கல்யாணம். பந்தக்கால் நடுவதற்குள் சுவர் பளிச்சென்று ஆக வேண்டும் என்பது அவர் கட்டளை. தலைமுறை தலைமுறையாக ஏறிய விளக்குப் புகையில் சுவர் அடுப்படி மாதிரி கறுத்துக் கிடந்தது. ஓரத்தில் மட்டும் மையெழுதிய ஒரு கண் தெரிந்தது. நீ சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டாய்.

"நைனா, உள்ள ஆளுங்க கீறாங்கோ. இவங்க மூஞ்சில நான் சுண்ணாம்பு அடிக்க மாட்டேன்" என்றாய்.

எனக்கு எரிச்சலான எரிச்சல். சரி, துடைத்துத்தான் பார்ப்போமே என்று ஒரு மூலையில் ஈரத்துணியை வைத்தோம். கரியோடு பச்சை வண்ணமும் துணியில் வந்துவிட்டது. பதறிப்போய் நிறுத்தினோம். நீ சோர்ந்துபோய் மூலையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தாய். உன் கரி விரல் பட்டு ரொட்டி கறுத்தது, விரல் வெளுத்தது. மென்றுகொண்டிருந்தவன் அப்படியே எழுந்து, ரொட்டியின் நடுச்சதையைச் சுவரில் ஒற்றி எடுத்தாய். கரி ரொட்டியில் வந்தது, வண்ணம் சுவரிலேயே நின்றது. வாய் நிறைய ரொட்டியோடு நீ போட்ட கூச்சலில் மாடியில் இருந்தவர்கள்கூட இறங்கி வந்தார்கள்.

மறுநாள் கூடை நிறையப் பழைய ரொட்டியோடு போனோம். அங்கேதான் வந்தது வினை. வீட்டுக்காரம்மா ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இன்னாப்பா இது, கள்ளு ஊத்திப் புளிக்க வச்ச ரொட்டியா? கல்யாண வூட்டுச் சொவுத்துலயா தேய்க்கிறீங்க? மொதல்ல எடுத்துனு போங்க. இன்னிக்கே சுண்ணாம்பு அடிச்சாவணும்."

"நானே கள்ளு மொந்தையத் தொடாதவன்மா" என்று நீ பரிதாபமாகச் சொன்னாய். அவர் முகம் இளகவில்லை. சுவர் போயிற்று என்று நினைத்து நான் வெள்ளையடிக்கும் மட்டையை எடுத்தேன். நீ வழி மறித்து நின்றாய்.

"ரொட்டி வேணாம்மா. ஒங்க வூட்டுக் கோதும மாவு, ஒங்க கை. உப்பு போட்டுக் கெட்டியா பிசைஞ்சு குடுங்க. இந்தக் கண்ணு யாருதுன்னு பாத்துட்டு அப்பால அடிச்சுக்கலாம்."

யாருடைய கண் என்று அவருக்கும் தெரியாது. உள்ளே போய் மாவு பிசைந்து கொண்டுவந்தார். முதல் உருண்டை சுவரில் ஒட்டிக்கொண்டது. இன்னும் மாவைச் சேர்த்து இறுக்கினார். நாம் ஒற்றி ஒற்றி எடுத்து, ஒட்டிய துகளை மெல்லிய தூரிகையால் தட்டினோம். கண்ணுக்குப் பின்னால் முகம் வந்தது. பல்லக்கில் மணப்பெண்! முன்னால் தவில், நாகசுரம், தீவட்டிகள். பின்னால் கோபுரம், அதற்கும் பின்னால் கடல்.

அம்மா மாவுக் கையோடு கிட்டே வந்து பார்த்தார். "அய்ய, நம்ம தெருப்பா இது! நம்ம வூட்டுக் கல்யாணம்!" என்று கத்தினார். அதற்குமேல் அந்த வீட்டுப் பெண்களை யார் நிறுத்துவது? ஆளுக்கோர் உருண்டையோடு வரிசையாக நின்றுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் சுவர் முழுக்க ஊர்வலம். "அந்தச் சுண்ணாம்ப வெளிய தூக்கு" என்று அம்மா சொன்னபோது நான் வாளியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஜெயித்தோம் மாமு! பந்தக்கால் நட வந்த ஜனமெல்லாம் அதை விட்டுவிட்டுக் கூடத்தில்தான் குவிந்தது. நீ மாப்பிள்ளையின் தகப்பனார் போல மீசையை முறுக்கிக்கொண்டு நின்றாய்.

உன்னை மண்ணில் வைத்துவிட்டு வந்த பிறகு வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை. போன வாரம்தான் யானைக்கவுனியில் ஒரு பழைய வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனேன். அந்தக் கல்யாண வீட்டுக்குப் பிறகு எந்தக் கறுத்த சுவரானாலும் முதலில் மாவை ஒற்றிப் பார்க்காமல் நான் மட்டையைத் தொடுவதில்லை. அங்கே கரிக்குள்ளிருந்து நீலக் குதிரை ஒன்று கடிவாளத்தோடு தலையை நீட்டியது.

"மாமு, வந்து பாரு!" என்று கத்திவிட்டேன்.

யாரைக் கூப்பிடுகிறேன் என்று வீட்டார் வாசலை எட்டிப் பார்த்தார்கள். நான் உன்னைப் போலவே சுவருக்கு முன்னால் வழி மறித்து நின்றேன். சுண்ணாம்பு வேண்டாம், இன்னும் ரெண்டு படி மாவு கொண்டு வாருங்கள் என்றேன்.